மூன்றாம் ஈடு

ஆப்பிள் குடையும் கருவி
ஆணிப் பெட்டிக்குள் கிடந்தது.
ஏன் என்று கேட்காதீர்கள்.
இந்த வீட்டில் ஆப்பிள் தின்று வெகுகாலம்.

காளான் வாங்க கிளாரன்வில் வரை போனேன்.
போக வர மூன்று மணி நேரம்.
நடுவழியில் ஒரு மூஸ் மான்
சாலைக்கு வரி கட்டியவன் மாதிரி நின்றது.
கொரியாவிலிருந்து வந்த அரச சிப்பிக் காளான்,
குழந்தையின் முன்கைபோல் வெளுத்துத் திரண்டது.
கல்லாவிலிருந்த பெண் புரட்டிப் பார்த்து
"இது என்ன?" என்றாள்.
"கணவாய்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

அல்மெடா
நண்டுத் தொழிற்சாலையில் பத்தொன்பது பருவம் நின்றவள்.
கொதிகலன் வாய் திறக்கும்போதெல்லாம்
எழும் வெள்ளை ஆவிக்குள்
கால் முறித்து, ஓடு பிளந்து,
இருபதாவது பருவத்தில் ஒரு புதன்கிழமை
அவள் மூச்சு
துருவேறிய கீல்போலக் கிறீச்சிட்டது.
ஓடுள்ளது எதுவும் கூடாது என்றார் மருத்துவர்.
சற்று யோசித்து, கணவாயும் கூடாது,
அது வேகும் ஆவிகூடக் கூடாது என்றார்.

நான் இன்னும் நண்டுக்குத்தான் போகிறேன்.
வேறென்ன தெரியும் எனக்கு.
கொட்டகையில் உடுப்பைக் களைந்து
மே மாதக் குளிரில், விரிகுடாவில் ஒரு பனிப்பாறை பார்த்திருக்க,
உள்ளாடையோடு வீட்டுக்கு ஓடும் அறுபத்திரண்டு வயதுக்காரனைப்
பக்கத்து வீட்டு சைரஸ்
வேடிக்கை பார்ப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது.

தண்டை விரல் கனத்தில் வட்டமாக அரிந்தேன்.
நடுவைக் குடைந்தேன். வளையம்.
குடைந்ததை எறிய மனம் வரவில்லை, கிண்ணத்தில் போட்டேன்.
கடற்பாசி கொதித்த உப்புநீரில் ஊறவைத்தேன்.
பாசியை முன்னதாகவே ஐந்து தண்ணீரில் அலசி,
கண்ணாடி மாட்டிக்கொண்டு
இலை இலையாகத் தடவிப் பார்த்திருந்தேன்:
ஒட்டிக்கொண்டு வந்த பொடி இறால் ஒன்று போதும்.
பிறகு மோர். பிறகு மைதா, சோளமாவு, மிளகு.

முதல் ஈட்டில் எண்ணெய் காயவில்லை.
மாவு கழன்று தனியே மிதந்தது,
காளான் அம்மணமாய் அடியில் கிடந்தது.
இரண்டாம் ஈட்டின்போது ரோண்டா ஆல்பர்ட்டாவிலிருந்து கூப்பிட்டாள்.
"எதற்கப்பா இந்தப் பொய்?
காளானைக் காளானாகவே வறுத்துக் கொடுக்கலாமே."
பதில் இருந்தது என்னிடம்.
அதற்குள் எல்லாம் கருகி
கூரையிலிருந்த புகைமணி அலற ஆரம்பித்தது.
துடைப்பத்தால் அடித்து அடக்கினேன்.

மூன்றாம் ஈட்டுக்கு
ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுச் சோதித்தேன்.
சடசடத்து மேலே வந்தது.
வளையங்களும் வந்தன,
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பொன்னாக.

தட்டை வைத்தேன்.
அல்மெடா ஒன்றை விரலில் மாட்டி
சன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.
"நீ முதலில் போட்டதைவிட இது பெரிசு" என்றாள்.
கடித்தாள்.
மேலே மொறுமொறுப்பு. உள்ளே அந்த இழுப்பு,
பல்லுக்கு உடனே பணியாத ரப்பர்ப் பிடிவாதம்.
மென்றாள். நிறுத்தினாள்.
கண் விரிந்தது.
இடது கை மேசைமேல் தானாக ஊர்ந்துபோய்
நீல இன்ஹேலரைப் பற்றியது.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.
பாசியா? என் சட்டையா?
எத்தனை கழுவியும் போகாத என் நகக்கண்ணா?

அவள் காத்திருந்தாள்.
குளிர்பெட்டி உறுமி ஓய்ந்தது.
ஒன்றும் வரவில்லை.
மூச்சு மட்டும் வந்தது, போனது,
மறுபடி வந்தது.

"சுவை கணவாய் இல்லை, லெஸ்டர்.
கிட்டத்தில்கூட இல்லை."
இன்ஹேலரைக் கீழே வைக்காமலே
மற்றக் கையால் அடுத்ததை எடுத்தாள்.

நான் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்,
நடுவில் குடைந்த துண்டுகள் எங்கே என்று.
"கிண்ணத்தில்."
"அதையும் வறு.
என்ன மீன் என்று பிறகு முடிவு செய்வோம்."